‘டார்னிஷ்’ – ஒரு சொல் வந்த வழி

ஆங்கிலத்தில் ‘டார்னிஷ்’ என்று ஒரு சொல் உண்டு. பளபளப்பாக இருந்த உலோகம் மெல்ல மெல்ல மங்கிப்போவதற்கு அந்தப் பெயர். பீரோவுக்குள் பத்திரமாக வைத்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் பழுப்பேறிக் கிடக்கிறதே, அதுதான் டார்னிஷ். ஒரு அரசியல்வாதியின் மேல் ஊழல் புகார் எழுந்தால் ஆங்கிலச் செய்தித்தாள்கள் இதே சொல்லைத்தான் எடுக்கும். அவருடைய ‘இமேஜ்’ டார்னிஷ் ஆகிவிட்டது என்று எழுதும். சிமிழுக்கும் அரசியல்வாதிக்கும் ஒரே வினைச்சொல்.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. அது குறை அல்ல, வேறு வகையான கவனம். வெள்ளி கறுக்கும். செம்பில் களிம்பு ஏறும். பித்தளை பச்சை பிடிக்கும். இரும்பு துருப்பிடிக்கும். கண்ணாடி மங்கும். பெயருக்குக் களங்கம் வரும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாகக் கெடுகிறது என்பதைப் பாத்திரம் தேய்த்தவர்கள் கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லோ இரும்பின் துருவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. அப்படிப் போடுவதற்குக் காரணம் என்ன, அந்தக் கூடை எங்கே முடையப்பட்டது என்று தேடிப்போனால் எதிர்பாராத ஒரு இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் சொல்லின் வாலைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘இஷ்’ என்று முடியும் வினைச்சொற்கள் நிறைய இருக்கின்றன. ஃபினிஷ், பனிஷ், வேனிஷ், பெரிஷ், பாலிஷ். இவை பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பல தலைமுறைகள் கோலோச்சியது. அப்போதும் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துக்குள் குடியேறின. பிரெஞ்சில் ‘பொலிர்’ போன்ற வினைகள் சில வடிவங்களில் ‘பொலிஸ்’ என்று நீளும். அந்த நீட்சியைத்தான் ஆங்கிலேயர்கள் ‘இஷ்’ என்று பிடித்துக்கொண்டார்கள். ஆக, பளபளப்பாக்கும் ‘பாலிஷ்’ என்ற சொல்லுக்கும், பளபளப்பு போவதைச் சொல்லும் ‘டார்னிஷ்’ என்ற சொல்லுக்கும் வால் ஒன்றுதான். இதே கூட்டத்தில் ‘பர்னிஷ்’ என்று இன்னொன்று உண்டு. தேய்த்து மெருகேற்றுவது என்று பொருள். அது பழுப்பு நிறத்தைக் குறிக்கும் ‘ப்ருன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழுப்பாக்குவது என்பதுதான் அதன் மூலப்பொருள். பழுப்பு என்பது அந்தக் காலத்தில் மங்கலைக் குறிக்கவில்லை, மினுமினுப்பைக் குறித்தது. நிறங்களின் பெயர்களை நம்பி எதையும் சொல்லிவிட முடியாது போலிருக்கிறது.

டார்னிஷின் பிரெஞ்சு மூலம் ‘டெர்னிர்’. மங்கச் செய்வது. அதற்கு அடிப்படை ‘டெர்ன்’ என்ற பெயரடை. மங்கலான, ஒளியில்லாத, சோபையற்ற என்று பொருள். இன்றைய பிரெஞ்சிலும் அது உயிரோடு இருக்கிறது. சுவாரசியமில்லாத மனிதரைப் பற்றியும் வெளிறிய வண்ணத்தைப் பற்றியும் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சுப் பூசிய இரும்புத் தகட்டுக்கு ஆங்கிலத்தில் ‘டெர்ன் ப்ளேட்’ என்று பெயர். வெறும் வெள்ளீயம் பூசிய தகடு பளபளக்கும். இது பளபளக்காது, அதனால் அந்தப் பெயர். வீட்டுக் கூரைகளுக்கும், பிறகு கார்களின் பெட்ரோல் டேங்குக்கும் நீண்ட காலம் பயன்பட்டது. ‘டார்னிஷ்’ ஆங்கிலத்தில் முதலில் தலைகாட்டுவது 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் என்று அகராதிகள் காட்டுகின்றன.

இதுவரை வழக்கமான கதைதான். ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் இப்படிப் பிரெஞ்சு வழியாகவோ லத்தீன் வழியாகவோ வந்தவை. ஆனால் ‘டெர்ன்’ லத்தீன் சொல்லாகத் தெரியவில்லை. அப்படியானால் பிரெஞ்சுக்கு அது எங்கிருந்து கிடைத்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஃப்ரீட்ரிஷ் டீஸ் (1794–1876) என்ற ஜெர்மன் அறிஞர். பான் பல்கலைக்கழகப் பேராசிரியர். லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் முதலிய மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் துறைக்கு அடித்தளம் போட்டவர் என்று அவரைச் சொல்வார்கள். 1853-இல் அந்த மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு வேர்ச்சொல் அகராதி வெளியிட்டார். ‘டெர்ன்’ என்பது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல், பழைய உயர் ஜெர்மனில் உள்ள ‘டார்னன்’ என்ற வினையின் உறவு என்பது அவர் கருத்து. இது ஐயத்துக்கு இடமில்லாத முடிவு அல்ல. நல்ல அகராதிகள் இன்றும் ‘அநேகமாக’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தே இதை எழுதுகின்றன. ஆனால் இதைவிட நல்ல விளக்கத்தை யாரும் நிலைநிறுத்தவில்லை.

‘டார்னன்’ என்றால் என்ன பொருள்? மங்குவது அல்ல. கெடுவதும் அல்ல. மறைப்பது, ஒளித்துவைப்பது. ஒளி போவதைச் சொல்லும் சொல்லின் அடியில் ஒளித்துவைத்தல் கிடக்கிறது. (தமிழில் ‘ஒளி’ என்பதே வெளிச்சத்தையும் மறைதலையும் குறிக்கும் என்பது தற்செயலான வேடிக்கை. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.)

இந்த வினையின் புகழ்பெற்ற பிள்ளை ஒரு போர்வை. கி.பி. 1200 வாக்கில் எழுதப்பட்ட ‘நீபெலுங்கன்லீட்’ என்ற ஜெர்மன் காவியத்தில் ‘டார்ன்கப்பெ’ என்ற மாயப்போர்வை வருகிறது. அதைப் போர்த்திக்கொண்டவர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். பன்னிரண்டு ஆட்களின் பலமும் கூடும். இன்றைய ஜெர்மனில் ‘கப்பெ’ என்றால் தொப்பி என்பதால் பலர் அதை மாயத்தொப்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள். காவியம் எழுதப்பட்ட காலத்தில் அந்தச் சொல்லுக்கு மேலங்கி என்றுதான் பொருள்.

கதை நாயகன் ஸீக்ஃப்ரீட் இந்தப் போர்வையை ஆல்பெரிக் என்ற குள்ளனிடமிருந்து பறிக்கிறான். வோர்ம்ஸ் நகரத்து அரசன் குந்தரின் தங்கை க்ரீம்ஹில்டை மணக்க வேண்டும் என்பது ஸீக்ஃப்ரீடின் ஆசை. குந்தருக்கோ ஐஸ்லாந்து அரசி ப்ருன்ஹில்டை மணக்க ஆசை. அவளை மணக்க வருபவன் ஈட்டி எறிவதிலும் கல் எறிவதிலும் தாண்டுவதிலும் அவளை வெல்ல வேண்டும். தோற்றால் தலை போகும். குந்தரால் அது ஆகாது. ஸீக்ஃப்ரீட் போர்வைக்குள் மறைந்து நின்று காரியத்தைச் செய்கிறான். குந்தர் கையை மட்டும் அசைக்கிறான். ப்ருன்ஹில்ட் தோற்றதாக நம்பி அவனை மணக்கிறாள். முதலிரவில் அவள் தன் கணவனைக் கட்டிச் சுவரில் ஆணியில் தொங்கவிடுகிறாள். மறுநாள் இரவு மறுபடியும் போர்வை தேவைப்படுகிறது. இருட்டில் ஸீக்ஃப்ரீட் அவளை அடக்குகிறான். அவளுடைய மோதிரத்தையும் இடைக்கச்சையையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் மனைவியிடம் கொடுத்துவிடுகிறான். ஏன் அப்படிச் செய்தான் என்பதற்குக் காவியம் சரியான காரணம் சொல்லவில்லை.

வருடங்கள் கழித்து, வோர்ம்ஸ் தேவாலயத்தின் வாசலில் இரண்டு அரசிகளுக்கும் யார் முதலில் உள்ளே போவது என்று சண்டை வருகிறது. க்ரீம்ஹில்ட் அந்த மோதிரத்தையும் கச்சையையும் ஊரறியக் காட்டுகிறாள். ப்ருன்ஹில்டின் மானம் அங்கேயே போகிறது. அதற்குப் பழியாக ஹாகன் என்ற வீரன் ஸீக்ஃப்ரீடைக் கொல்கிறான். அதற்குப் பழியாக க்ரீம்ஹில்ட் தன் குலத்தையே அழிக்கிறாள். மறைப்பதற்கென்று எடுத்த ஒரு போர்வையில் தொடங்கியது ஒரு பெண்ணின் பெயர் கெடுவதில் வந்து நிற்கிறது. ‘டார்னிஷ்’ என்ற சொல்லின் இரண்டு முனைகளும் இந்த ஒரு கதைக்குள்ளேயே இருக்கின்றன. இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை; இந்தக் காவியத்தைப் பாடியவருக்கு டார்னிஷ் என்ற ஆங்கிலச் சொல் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, அது அப்போது பிறக்கவே இல்லை.

அந்தப் போர்வை அதோடு போகவில்லை. 1869-இல் மியூனிக்கில் முதன்முதலில் அரங்கேறிய வாக்னரின் ‘தாஸ் ரைன்கோல்ட்’ இசைநாடகத்தில் அது ‘டார்ன்ஹெல்ம்’ என்ற மாயக் கவசத் தொப்பியாக உருமாறியது. 20-ஆம் நூற்றாண்டில் போர்க்களத்தில் உருமறைப்புச் செய்வதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘காமுஃப்ளாஜ்’. அந்த அந்நியச் சொல்லுக்குப் பதிலாகத் தங்கள் பழைய ‘டார்னன்’ வினையை ஜெர்மானியர்கள் தூசி தட்டி எடுத்தார்கள். ரேடாரில் சிக்காத விமானத்தை இன்று ஜெர்மனில் ‘டார்ன்கப்பென்’ விமானம், அதாவது மாயப்போர்வை விமானம் என்கிறார்கள். ஹாரி பாட்டரின் மாய அங்கிக்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ‘டார்ன்உம்ஹாங்’ என்றுதான் பெயர். வெள்ளிச் சிமிழின் கறுப்பும் ஹாரி பாட்டரின் அங்கியும் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள்.

இதில் இன்னொரு திருப்பம். ஆங்கிலமும் ஜெர்மானியக் குடும்பத்து மொழிதான். ஆகவே இந்த வேர் அதனிடம் முன்பே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘டிர்னன்’ என்றால் மறைப்பது. ‘டெர்ன்’ என்று ஒரு பெயரடையும் இருந்தது. ரகசியமான என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் மாவு அரைப்பவன் சொல்லும் கதையில் கள்ளக் காதலுக்கு அடைமொழியாக அந்தச் சொல் வருகிறது. பிறகு அது மெல்ல வழக்கொழிந்தது. வீட்டுப் பிள்ளை காணாமல் போன அதே காலத்தில், பிரான்சுக்குப் போய்ப் பெயரும் உடையும் மாற்றிக்கொண்ட அதன் உறவினன் ‘டார்னிஷ்’ என்ற பெயரில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான். மறைப்பதைக் குறித்த சொல் மாறுவேடத்தில் திரும்பியிருக்கிறது.

சரி, சொல் இப்படிச் சொல்கிறது. பொருள் என்ன சொல்கிறது? உலோகத்தின் ஒளி உண்மையிலேயே மறைந்துதான் இருக்கிறதா, அல்லது போயேவிட்டதா? இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. இந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னதால் அழிந்த பொருட்கள் ஏராளம்.

வெள்ளி கறுப்பதற்குக் காற்றில் உள்ள ஆக்சிஜன் மட்டும் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான குற்றவாளி கந்தகம். காற்றில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற படலமாகின்றன. படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. முட்டையில் கந்தகம் உண்டு என்பதால் வெள்ளிக் கரண்டியால் முட்டை சாப்பிட்டால் கரண்டி கறுக்கும். அதனால் ஐரோப்பியப் பணக்கார வீடுகளில் முட்டைக் கரண்டிக்குத் தங்க முலாம் பூசுவார்கள், அல்லது கொம்பிலும் சிப்பியிலும் செய்துகொள்வார்கள். ரப்பர் பேண்டில் கந்தகம், கம்பளியில் கந்தகம், நிலக்கரிப் புகையில் கந்தகம். நிலக்கரியை எரித்தே வாழ்ந்த 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் வெள்ளிப் பாத்திரம் துடைப்பது முடிவில்லாத வேலையாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். கறுப்புப் படலம் வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு அல்ல. அதன் பெரும்பகுதி வெள்ளியேதான். நிறையைக் கணக்கிட்டால் வெள்ளி சல்பைடில் 87 சதவீதம் வெள்ளி, மீதிதான் கந்தகம். போர்வை இருக்கிறது, ஆனால் அந்தப் போர்வை வெள்ளியின் மேல்தோலிலேயே நெய்யப்பட்டது. அதைத் தேய்த்து எடுத்தால் அழுக்கோடு சேர்ந்து வெள்ளியும் போகும். தமிழ் வீடுகளில் பித்தளைக்கும் செம்புக்கும் புளி, வெள்ளிக்கு விபூதி என்று வைத்திருப்பதற்கும் இதில் விளக்கம் உண்டு. புளியின் அமிலம் செம்பின் மேல் உள்ள ஆக்சைடையும் களிம்பையும் கரைக்கும். வெள்ளி சல்பைடிடம் அது செல்லாது. நைஸான சாம்பலால் உரசித்தான் எடுக்க வேண்டும். உரசுவது என்றால் இழப்பது.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வது மரபு. களிம்பு புதிதாக வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது, அதன் ஒளியை மறைத்து நிற்பது என்பது அந்த உவமையின் கருத்து. மறைப்பதுதான் ஆணவத்தின் தொழில். ஜெர்மன் வேருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் மங்கிய உலோகத்தைப் பார்த்து ‘கெட்டுவிட்டது’ என்று சொல்லாமல் ‘மறைந்திருக்கிறது’ என்று சொல்ல இரண்டு இடத்திலும் தோன்றியிருக்கிறது.

இங்கிலாந்தின் பெரிய மாளிகைகளில் வெள்ளி துடைப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ‘ரூஜ்’ எனப்படும் சிவப்பு இரும்பு ஆக்சைடுத் தூளை ஈரமாக்கி வெறும் விரலால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். கைகள் கொப்புளித்துப் பிறகு காய்த்துப்போகும். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்ததன் விளைவு அருங்காட்சியகங்களில் தெரிகிறது. பூ வேலைப்பாடுகள் வழவழத்துக் கிடக்கின்றன. 1300-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஆங்கில வெள்ளியில் தரத்துக்காக அடிக்கப்பட்டுவரும் முத்திரைகள் பல பாத்திரங்களில் படிக்க முடியாமல் தேய்ந்திருக்கின்றன. 1743 வாக்கில் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் செம்பின் மேல் வெள்ளித் தகட்டை உருக்கி ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தார். வசதி குறைந்தவர்களும் வெள்ளி மாதிரிப் பாத்திரம் வைத்துக்கொள்ள அது வழி செய்தது. ஆனால் அதன் வெள்ளி மெல்லியது. சில பத்தாண்டுகள் ஆசையாகத் தேய்த்தால் விளிம்புகளில் செம்பு சிவப்பாக எட்டிப்பார்க்கும். டார்னிஷுக்கு எதிராகப் போராடியே ஒரு பாத்திரம் தன் வெள்ளியை முழுக்க இழந்துவிடலாம். சும்மா விட்டிருந்தால் கறுப்பாக, ஆனால் முழுசாக இருந்திருக்கும்.

தேய்க்காமல் எடுக்கவும் வழி உண்டு. அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா கலந்த சுடுநீரில் வெள்ளியை அதன் மேல் படும்படி வைத்தால், கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தின் பக்கம் போகும். படலத்தில் இருந்த வெள்ளி வெள்ளியாகவே திரும்புகிறது. மறைந்ததுதான், போகவில்லை என்ற பழைய வேர்ப்பொருளுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். இருந்தாலும் பழம்பொருள் பாதுகாப்பாளர்களுக்கு இந்த முறை அவ்வளவாகப் பிடிக்காது. திரும்பும் வெள்ளி பழைய மெருகோடு திரும்பாது. வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்டுவைத்த கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

பெயர் மங்குவது என்ற உருவகப் பொருள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெரியத் தொடங்குகிறது. வெள்ளியையும் பெயரையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் கசுவோ இஷிகுரோ. 1989-இல் வந்த அவருடைய ‘தி ரிமைன்ஸ் ஆஃப் தி டே’ நாவலில் ஸ்டீவன்ஸ் என்ற பட்லர் வெள்ளிப் பாத்திரங்களைத் துடைப்பதில் பெருமை கொள்கிறார். ஹாலிஃபாக்ஸ் பிரபு தன் எஜமானர் வீட்டில் ஜெர்மன் தூதர் ரிப்பன்ட்ராப்பைச் சந்திக்க வந்தபோது அந்த வெள்ளியின் பளபளப்பைப் பார்த்து மனம் மகிழ்ந்தார், அந்தச் சந்திப்பு நல்லபடியாக நடக்க அதுவும் உதவியது என்று அவர் உண்மையாக நம்புகிறார். போருக்குப் பிறகு அதே எஜமானர் நாஜிகளுக்குத் துணைபோனவர் என்று பெயரெடுத்து, பத்திரிகை மேல் வழக்குப் போட்டுத் தோற்று, நொறுங்கிச் சாகிறார். கரண்டிகளில் ஒரு புள்ளி கறுப்பு இல்லை.

டார்னிஷ் என்ற சொல்லில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதே மாற்றம் பிடித்திருந்தால் ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர். ‘பாட்டினா’ என்பார்கள். 1681-இல் இத்தாலியர் பால்டினுச்சி வெளியிட்ட கலைச்சொல் அகராதியிலேயே, காலத்தால் ஓவியங்களின் மேல் படரும் கருமைக்கு இந்தப் பெயர் இருக்கிறது. பழைய வெண்கலச் சிலையில் பச்சை படர்ந்திருந்தால் பாட்டினா, விலை கூடும். கதவுக் கைப்பிடியில் படர்ந்தால் டார்னிஷ். வேலைக்காரருக்குத் திட்டு விழும்.

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு முறை மாட்டிக்கொண்டது. பாரிஸில் செய்யப்பட்டு 1886-இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையின் செப்புத் தோல் 2.4 மில்லிமீட்டர்தான். ஆரம்பத்தில் செம்பு நிறமாகத்தான் இருந்தது. 1900-க்குப் பிறகு பச்சை படர ஆரம்பித்தது. 1906 வாக்கில் சிலை முழுவதும் பச்சையாகிவிட்டது. சிலை அரிக்கிறது என்று பயந்து அமெரிக்க நாடாளுமன்றம் பழுதுபார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் 62,800 டாலர் ஒதுக்கியது. வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடிப்பதை மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்து பார்த்து, அந்தப் பச்சைப் படலம் செம்பைக் காப்பாற்றுகிறது என்று சொன்னார்கள். பெயின்ட் உள்பக்கத்தோடு நின்றது. இன்று பச்சை இல்லாத அந்தச் சிலையைக் கற்பனை செய்வதே கஷ்டம். ஆனால் இது செம்பின் குணம். வெள்ளியின் கறுப்புக்கு இப்படி ஒரு நல்ல பெயர் எளிதில் கிடைப்பதில்லை.

வெள்ளியின் கறுப்பு மனித முகங்களையே மறைத்த இடம் ஒன்று உண்டு. 1839-இல் பாரிஸில் டாகேர் வெளியிட்ட ‘டாகுரோடைப்’ முறைதான் பொதுமக்களிடம் பரவிய முதல் புகைப்படம். கண்ணாடிபோல் மெருகேற்றிய, வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்து, பிறகு பாதரச ஆவியில் காட்டினால் உருவம் எழும். அடுத்த 20 ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கானவர்கள் இப்படிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நெகட்டிவ் கிடையாது. ஒரு முகத்துக்கு ஒரே தகடு. அந்தத் தகடு வெள்ளி என்பதால் அதுவும் கறுக்கும். விளிம்பிலிருந்து தொடங்கி வளையம் வளையமாக நடுவில் உள்ள முகத்தை நோக்கி நகரும்.

மங்கிய வெள்ளியைப் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? துடைக்கத் தோன்றும். பேரப்பிள்ளைகள் கண்ணாடியைத் திறந்து துணியால் துடைத்தார்கள். உருவம் தகட்டின் மேற்பரப்பில் பாதரசமும் வெள்ளியும் சேர்ந்த நுண்துகள்களாக மட்டுமே இருக்கிறது. துடைத்ததும் தாத்தாவின் முகம் துணியோடு வந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் ரசாயனத்தால் சுத்தம் செய்தார்கள். சயனைடு உப்பைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தயோயூரியா என்ற கரைசல் பிரபலமானது. கறுப்பு நொடியில் மறைந்து படம் பளிச்சென்று தெரியும். சில வருடங்கள் கழித்து அதே தகட்டில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் கிளம்பின; மேற்பரப்பும் அரிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு பாதுகாப்பாளர்கள் அதைக் கைவிட்டார்கள். காப்பாற்றுவதாக நினைத்து அழித்த படங்களுக்குப் பிரதி கிடையாது.

2018-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். கனடா தேசியக் கலைக்கூடத்தில் முழுக்கக் கறுத்துப்போன இரண்டு டாகுரோடைப் தகடுகள் இருந்தன. அவற்றில் ஏதாவது உருவம் இருக்கிறதா என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சின்க்ரோட்ரான் கூடத்தில், மிக நுண்ணிய எக்ஸ்-கதிரால் தகட்டைப் புள்ளி புள்ளியாக வருடி, எந்தப் புள்ளியில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். வெள்ளி கறுத்திருந்தாலும் பாதரசம் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. அந்தக் கணக்கைக் கணினித் திரையில் படமாக வரைந்தபோது ஒரு தகட்டில் ஒரு பெண்ணும் மற்றதில் ஒரு ஆணும் தெரிந்தார்கள். பெண்ணின் கண்கள், தலைமுடி, உடையின் மடிப்பு எல்லாம் துல்லியமாக இருந்தன. அவர் யார் என்பதற்குக் குறிப்பு இல்லை. அந்த ஆய்வுக்காகத் தகட்டின் மேலிருந்த கறுப்பை யாரும் தொடவில்லை.